விளைச்சல் பரம்பரையாக வருமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீதான் பேசணும்" என்றார். "கடுகைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சுடு" என்றார். அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே நிற்கிறேன்.

நான் 1998-இல் இங்கிருந்து கம்ப்யூட்டர் பிரிவில் படிப்பை முடித்து வெளியேறியவன். ஊர் தூரமில்லை. பென்னலூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் பிரிந்து உள்ளே போனால் ஒரு ஏரி வரும், அந்த ஏரிக்குக் கீழே எங்கள் நிலம் இருந்தது. காலையில் அப்பா மடை திறக்கப் போவார், நான் பஸ் பிடிக்க ஓடுவேன். நான் படித்த காலத்தில்தான் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழும்பியது. முதல் வருஷம் பஸ் ஜன்னலில் பார்த்த வயல், கடைசி வருஷம் மதில் சுவராக இருந்தது. எங்களுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ என்றால் என்ன, மென்பொருள் என்றால் என்ன என்பதுதான் பேச்சு. விவசாயம் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வெட்கம்.

2001-இல் மென்பொருள் தொழில் சரிந்தபோது என் வேலையும் போனது. கிடைத்த வேலைக்குப் போனேன். வட இந்தியாவில் ஒரு விதைக் கம்பெனி, ராஜஸ்தானில் சோதனை வயல்கள். வயலில் அளந்துகொண்டு வரும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. 2002 ஜனவரியில் முதல் தடவையாகக் கடுகு வயலைப் பார்த்தேன். நம் அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிக் கிடக்கும் கடுகு, அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாக ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இந்தியாவின் கடுகில் ஏறக்குறைய பாதி ராஜஸ்தானில்தான் விளைகிறது. அக்டோபரில் விதைத்து, குளிரில் வளர்ந்து, வெயில் ஏறுவதற்குள் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. அந்தக் குளிர் நம்மிடம் இல்லை; அதனால்தான் தாளிக்கிறோமே ஒழிய விளைவிப்பதில்லை.

முதல் பருவத்தில் நான் செய்த தப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 40 வகைக் கடுகை வரிசை வரிசையாக விதைத்திருந்தார்கள். ஒவ்வொரு வகையும் வயலின் மூன்று வெவ்வேறு இடங்களில் ஒவ்வொரு பாத்தி. அறுவடை எடை வந்தது, நான் மூன்றுக்கும் சராசரி எடுத்தேன், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். 17-ஆம் எண் முதலிடம். அழகாக ரிப்போர்ட் அடித்து, 17-க்குக் கீழே கோடு போட்டு, எங்கள் ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தேன். பீகார்க்காரர், வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டுதான் படிப்பார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "17-ஆம் எண்ணின் பாத்தி எதாவது வாய்க்காலை ஒட்டி இருந்ததா?"

எனக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஒரு பாத்தி வாய்க்கால் ஓரம். அந்தப் பாத்தியில் 17 முதலிடம். மற்ற இரண்டு இடங்களில் 14-ஆவது, 22-ஆவது. ஒரு பாத்தி கொழுத்துப்போய் சராசரியையே தூக்கிவிட்டது. "நீ விதையைத் தேர்ந்தெடுக்கவில்லை, தண்ணீரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை விளக்கத்தான் இன்று இங்கே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளைச்சல் பரம்பரையாக வருமா என்றால், வரும். ஆனால் விளைச்சல் என்று ஒரு தனிச் சரக்கு செடிக்குள் கிடையாது. ஒரு கடுகுச் செடியின் விளைச்சல் என்பது எத்தனை கிளை, கிளைக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, விதை என்ன எடை என்பவற்றின் பெருக்கல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல மரபணுக்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளும், இழுக்கும். அதிலும் ஒரு குறும்பு உண்டு: காய் அதிகமானால் விதை சிறுக்கும், விதை பருத்தால் காய் குறையும். கடுகை நெருக்கி விதைத்தால் ஒற்றைத் தண்டாக நிற்கும், விட்டு விதைத்தால் கிளை பரப்பிப் பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சைட் டிஷ் குறைந்தால் சாதத்தை அதிகம் போட்டுக்கொள்ளும் நம் ஹாஸ்டல் பையன்கள் மாதிரி, எப்படியாவது ஈடுகட்டிவிடும்.

எல்லாக் குணமும் இப்படிக் குழப்பமானது இல்லை. கடுகு எண்ணெயில் எரூசிக் அமிலம் என்று ஒன்று உண்டு. நம் நாட்டுக் கடுகில் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 40 முதல் 50 சதவீதம் அதுதான். இதைத் தீர்மானிப்பது முக்கியமாக இரண்டே மரபணுக்கள். அதனால் பொறுமையாக ஒட்டுச் சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணெயைச் சோதித்து, அதை 2 சதவீதத்துக்கும் கீழே இறக்கிய ரகங்களைப் பூசா நிறுவனத்தில் உருவாக்கிவிட்டார்கள். விதையின் நிறம் மஞ்சளா பழுப்பா என்பதும் இப்படி இரண்டு மரபணு சங்கதிதான். மெண்டல் பாடத்தில் படித்த விகிதம் அப்படியே வரும். பூக்கும் நாள், ஆயிரம் விதையின் எடை இவையும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். தாய் தகப்பன் எப்படியோ பிள்ளையும் அப்படி. மகசூலுக்கு வந்தால்தான் தகராறு.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு வயலில் செடிக்குச் சராசரி 10 கிராம் விதை. அதில் 16 கிராம் கொடுத்த செடிகளாகப் பார்த்து விதை எடுத்து அடுத்த வருஷம் விதைக்கிறோம். 16 வரும் என்று நினைப்போம். வருவது 11.2 என்றால், நாம் எடுத்த 6 கிராம் கூடுதலில் 1.2 தான் விதை வழியாக வந்தது, ஐந்தில் ஒரு பங்கு. மீதி 4.8 கிராம் மண், தண்ணீர், எரு, பக்கத்துச் செடி செத்துப்போனதால் கிடைத்த வெளிச்சம். இந்த ஐந்தில் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் மரபுத் திறன் விகிதம் என்று சொல்கிறோம். அது விதையோடு ஒட்டிப் பிறந்த எண் இல்லை. அந்த வயலுக்கு, அந்த வருஷத்துக்கு, அந்தக் கூட்டத்துக்கு மட்டும் உரிய எண். மண் சீராக இருந்தால் ஏறும், மேடும் பள்ளமுமாக இருந்தால் இறங்கும். ஜனவரியில் மேகம் மூடி அசுவினிப் பூச்சி வந்துவிட்டால் எல்லாக் கணக்கும் போச்சு.

இங்கே ஒரு கிளைக்கதை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வாத்தியார், பெயர் வேண்டாம். கணக்கில் தப்புச் செய்தால், "பரம்பரையா ஏர் ஓட்டினவன், உனக்கு எங்கடா வரும்" என்பார். சபை சிரிக்கும், நானும் சிரிப்பேன். மரபியல் படித்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது மோசமான வார்த்தை மட்டும் இல்லை, தப்பான கணக்கும்கூட. தண்ணீரே பாயாத பாத்தியில் நின்றுகொண்டு விதையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இந்த அரங்கில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் சொன்னேன். சரி, வயலுக்கு வருவோம்.

அந்த பீகார்ப் பெரியவர் ஒரு பழைய கதை சொன்னார். டென்மார்க்கில் ஜொஹான்சன் என்ற விஞ்ஞானி, 1903-இல் அவரை விதையை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். 'ஜீன்' என்ற சொல்லையே பின்னால் 1909-இல் உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். அவரை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. ஒரே ஒரு விதையிலிருந்து வழிவழியாக வந்த வம்சத்தை எடுத்து, அதில் பெரிய விதைகளைத் தனியாக, சிறிய விதைகளைத் தனியாக விதைத்தார். இரண்டின் பிள்ளைகளும் ஒரே சராசரி எடை! தலைமுறை தலைமுறையாகப் பெரியதையே பொறுக்கினாலும் எடை ஏறவில்லை. வம்சத்துக்கு வம்சம் வித்தியாசம் உண்டு. ஒரே வம்சத்துக்குள் பெரியது சிறியது என்பது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அப்பா.

எங்கள் வீட்டில் சம்பா பட்டத்தில் வெள்ளைப் பொன்னி. 1986-இல் வெளியான ரகம், நம் தமிழ்நாட்டுக்கே சோறு போட்டது. ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா தனியாக வயலில் இறங்குவார். நீளமாக, கனமாகத் தலை சாய்ந்த கதிராகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவார். அதை அடித்துக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டிவைப்பார், அடுத்த வருஷ விதைநெல். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படி. மகசூல் ஏறவே இல்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டையோ அதே மூட்டைதான், ஏரி நிரம்பாத வருஷம் அதுவும் இல்லை. "நல்ல கதிராத்தான் எடுக்கறேன், என் கை ராசி அப்படி" என்பார். கடைசியில் நிலத்தை விற்றபோதும் அதையே சொன்னார். சுற்றி எல்லாரும் விற்றார்கள், வாய்க்கால் அடைபட்டது, விலையும் வந்தது, காரணம் ஆயிரம். அவர் வாயிலிருந்து வந்தது கை ராசி ஒன்றுதான்.

நெல்லும் ஜொஹான்சனின் அவரை மாதிரிதான். நூற்றுக்கு ஒன்றுகூட அயல் மகரந்தம் சேர்வது அபூர்வம். ஒரு தூய ரகத்துக்குள் நல்ல கதிர் என்பது நல்ல இடத்தில் நின்ற கதிர். இன்னொன்றும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அப்பா எப்போதும் கதிர் கிள்ளியது தலைமடையில். தண்ணீர் முதலில் பாயும் இடம், ஏரி வண்டல் இறங்கும் இடம், எரு தங்கும் இடம். கனமான கதிர் அங்கேதானே இருக்கும்! பன்னிரண்டு வருஷம் அவர் தண்ணீரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் 17-ஆம் எண்ணுக்குக் கோடு போட்டேனே, அதே தப்பு. ஆக, என் தப்பும் பரம்பரையாக வந்ததுதான்.

ஆனால் அவர் உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். கலவன் கதிரை ஒதுக்கி, நோய் பிடித்ததைத் தள்ளி, ரகத்தைத் தூய்மையாகக் காப்பாற்றினார். ஏறவில்லை, இறங்கவும் விடவில்லை.

அப்படியானால் விளைச்சல் எப்படித்தான் ஏறுகிறது? வம்சத்துக்குள் பொறுக்கி ஏறாது, வம்சத்தையும் வம்சத்தையும் சேர்த்தால்தான் ஏறும். இதற்கு ராஜஸ்தானுக்குப் போக வேண்டியதே இல்லை. இதே திருவள்ளூர்ப் பக்கம் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜி.இ.பி. 24 என்று கோயம்புத்தூரில் கண்டெடுத்த பழைய ரகம். அதையும் கோ 18-ஐயும் சேர்த்து 1950-களின் தொடக்கத்தில் டி.கே.எம். 6 என்ற ரகம் வந்தது. டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம்தான். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை வாங்கிப் போய் ஒட்டுச் சேர்த்ததில் 1969-இல் பிறந்ததுதான் ஐ.ஆர். 20. நம் வீடுகளில் எல்லாம் பொங்கிச் சாப்பிட்டோமே, அதேதான். பிறகு வந்த ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. ஆசியாவில் கோடிக்கணக்கானோர் சாப்பிட்ட சோற்றில் நம் பக்கத்து ஊர் ரத்தம் ஓடுகிறது. நாலு வருஷம் இந்த ரோட்டில் போய்வந்த எனக்கு அதை ராஜஸ்தானில்தான் ஒருவர் சொல்லித் தெரிந்தது.

'ஒரே மரபணு விளைச்சலைத் தூக்கியது இல்லையா?' என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஐ.ஆர். 8 அப்படித்தான், 1966. தைவானிலிருந்து வந்த ஒரு குட்டை மரபணு. கவனியுங்கள், அந்த மரபணு ஒரு நெல்மணியைக்கூடக் கூடுதலாக உண்டாக்கவில்லை. செடியைக் குட்டையாக்கியது. பழைய உயர ரகங்களுக்கு உரம் போட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். குட்டைச் செடி சாயாமல் நின்று உரத்தை மணியாக்கியது. உரமும் தண்ணீரும் இல்லாத வயலில் அந்தப் பெருமை அவ்வளவாக இல்லை. விதையும் வயலும் சேர்ந்து மாறினதால்தான் அத்தனை பெரிய தாவல்.

கடுகில் இந்த வம்சச் சேர்க்கை இப்போது வீரிய ஒட்டு ரகங்களாக வருகிறது. இந்தியக் கடுகு ஒரு வம்சம், கிழக்கு ஐரோப்பியக் கடுகு தூரத்து வம்சம். இரண்டையும் சேர்த்தால் பிள்ளை இரண்டு பேரையும்விட வாட்டசாட்டமாக வருகிறது. கஷ்டம் என்னவென்றால் கடுகுப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கிறது, பெரும்பாலும் தன் மகரந்தத்தையே சேர்த்துக்கொள்ளும். ஒட்டு விதை வேண்டுமானால் தாய்ச் செடியின் மகரந்தத்தை முடக்க வேண்டும். இயற்கையாகவே மகரந்தம் உண்டாகாத தாய்வழிகளைக் கொண்டு சில ஒட்டு ரகங்கள் வந்துவிட்டன. பரத்பூரிலிருக்கும் மத்திய கடுகு ஆராய்ச்சி மையமே ஒன்றை வெளியிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தீபக் பெண்டல் குழுவினர் வேறு வழி எடுத்தார்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்கள்: ஒன்று தாய்ச் செடியான வருணாவில் மகரந்தத்தை முடக்கும், மற்றது தகப்பன் வழியாக வந்து பிள்ளையில் அதைச் சரிசெய்துவிடும். அதுதான் டி.எம்.எச். 11. 2022 அக்டோபரில் மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு அதைச் சுற்றுச்சூழலில் விட ஒப்புதல் தந்தது. வழக்குப் போனது, 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் இன்று போகவில்லை, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆனால் எந்த ஒட்டு ரகமானாலும், எந்த வழியில் வந்தாலும், அல்வார் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. முந்தின வருஷம் ஒட்டு விதை வாங்கிப் போட்டு நல்ல அறுவடை. அதிலேயே விதை எடுத்து மறு வருஷம் விதைத்துவிட்டார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு செடி இடுப்பளவு, ஒன்று தலைக்கு மேலே. ஒன்றில் காய் முற்றிவிட்டது, பக்கத்தில் இன்னும் பூ. "கம்பெனிக்காரன் விதையில் ஏதாவது மந்திரம் வைத்திருக்கிறானா?" என்றார். மந்திரமில்லை, மெண்டல். ஒட்டுச் செடியில் தாய்ச் சரக்கும் தகப்பன் சரக்கும் ஜோடியாக இருக்கிற வரைக்கும்தான் அந்த வீரியம். அதன் பிள்ளைகளில் ஜோடிகள் கலைந்து ஆளுக்கொரு மாதிரி பிரிகிறது. கூடுதல் வீரியத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒரே தலைமுறையில் போய்விடும் என்பது கணக்கு. அதிக விளைச்சல் தருகிற விதை, பிள்ளைக்கு அதைத் தராத விதை. வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும். இலாபமா இல்லையா என்பது அந்த வருஷ விதை விலை, மழை, கடன் எல்லாம் சேர்ந்த கணக்கு. விற்கும்போதே இதை விவசாயியிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நானும் விற்கிற பக்கத்தில் இருந்தவன்தான், எங்கள் ஆட்கள் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் தாவரவியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். கடுகின் முழு மரபணுத் தொகுப்பு 2016-இல் வெளியானது. கடுகில் இரண்டு பெற்றோர் இனங்களின் சரக்கு சேர்ந்து 18 ஜோடி குரோமோசோம். அதில் ஆயிரக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன விளைவுகளைக் கூட்டி, விதைக்கும் முன்பே ஒரு செடியின் விளைச்சலை மதிப்பிடும் முறைகள் வந்துவிட்டன. அது முழுக்கப் புள்ளியியலும் கம்ப்யூட்டரும். காயை எண்ணும் கேமரா, பாத்திக்குப் பாத்தி ஈரம் பார்க்கும் கருவி, சின்ன விதையை ஒரே ஆழத்தில் விதைக்கும் இயந்திரம், இதெல்லாம் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் பசங்கள் வேலை. எத்தனை பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் வாய்க்கால் எந்தப் பக்கம் என்று யாராவது வயலில் இறங்கிப் பார்த்தே ஆகணும், அதில் மாற்றமில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எண்பதை நெருங்குகிறார், காது கொஞ்சம் மந்தம். வாசலில் கடைசி அறுவடையின் கதிர்க்கொத்து இன்னும் தொங்குகிறது, குருவி கொத்தினது போக மீதி. டென்மார்க்காரர் அவரை விதையிலிருந்து என் 17-ஆம் எண் வரைக்கும் சொல்லி, "தலைமடையில கிள்ளினதுதான்பா விஷயம். வயல் பூரா, நடுவுல, ஓரத்துல, கடைமடையிலன்னு எல்லா இடத்துலயும் பார்த்துக் கிள்ளியிருக்கணும். அப்பவும் பொன்னிக்குள்ள பெருசா ஏறியிருக்காது. உன் கை ராசி ஒண்ணும் இல்ல, எல்லாம் தண்ணி" என்றேன்.

ரொம்ப நேரம் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணின்னு எனக்குத் தெரியாதாடா? கடைமடைக்காரன் அத்தனை பேருக்கும் தெரியும். நீ இன்ஜினீயரிங் படிச்சு, ராஜஸ்தான் வரைக்கும் போய்த்தான் கண்டுபிடிக்கணுமா?" என்றார். அப்புறம் மெதுவாக, "ஆனா கை ராசி இல்லன்னு சொன்னியே, அது நெசந்தானா?" என்று கேட்டார்.

நெசந்தான் என்றேன்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ரசத்தில் கடுகு தாளித்த வாசனை இங்கே வரைக்கும் வருகிறது.